பைக்கும் படுக்கையும் ஒரே பெட்டியில்: கார்கோ டிரெய்லரா, டாய் ஹாலரா?

அமெரிக்காவில் டர்ட் பைக்கோ, நான்கு சக்கர பைக்கான ஏடிவியோ வாங்கியவர்களுக்குச் சில மாதங்களில் ஒரு கேள்வி வந்துவிடும். மணல்மேட்டுக்கு வண்டியை எப்படிக் கொண்டுபோவது, போன இடத்தில் எங்கே தூங்குவது? முதலில் பிக்கப்பின் பின்னால் பைக்கைக் கட்டிக்கொண்டு போய்க் கூடாரம் அடிப்போம். ஒரு ராத்திரி பாலைவனக் காற்றில் கூடாரம் முகத்தில் வந்து அறையும். திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து டிரெய்லர் விலை தேடிக்கொண்டிருப்போம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

தேடத் தொடங்கினால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். டாய் ஹாலர் என்பது கம்பெனியே கட்டி விற்கும் ஆர்வி, அதாவது சக்கரத்தில் ஓடும் வீடு. முன்பக்கம் வீடு, பின்பக்கம் காரேஜ். பின்சுவரே கீழே இறங்கிச் சாய்தளமாகும்; அதில் பைக்கை ஏற்றி உள்ளே கட்டிவைக்கலாம். போய்ச் சேர்ந்து பைக்கை இறக்கியதும், கூரையோடு ஒட்டியிருந்த கட்டில் மோட்டாரில் கீழே வரும். அடுப்பு, குளியலறை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி, ஏசி எல்லாம் இருக்கும். பலவற்றில் ஜெனரேட்டரும் பைக்குக்கான பெட்ரோல் தொட்டியும்கூட உண்டு. அமெரிக்க ஆர்விகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது.

கார்கோ டிரெய்லர் வெறும் பெட்டி. தச்சர்களும் தோட்ட வேலை செய்பவர்களும் கருவிகளைப் போட்டு இழுத்துப் போவார்களே, அதுதான். இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, பிளைவுட் தரை, பின்னால் ஒரு சாய்தளக் கதவு. அதில் ஜன்னல் வெட்டி, சுவருக்குள் நுரைப் பலகை வைத்து, கட்டிலும் மின்சாரமும் போட்டு வீடாக்கிக்கொள்வது நம் வேலை. ஜார்ஜியா மாநிலத்தில் டக்ளஸ் ஊரைச் சுற்றி இந்தப் பெட்டிகளைக் கட்டும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. தொலைதூர மாநிலங்களில் இருப்பவர்கள்கூட அங்கே ஆர்டர் கொடுத்து வரவழைப்பதுண்டு.

எது நல்லது என்று கேட்டால் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. என் அனுபவத்தில், இந்த முடிவில் பாதியை உங்கள் வண்டியின் கதவோரம் ஒட்டியிருக்கும் ஒரு ஸ்டிக்கரே எடுத்துவிடும். மீதிப் பாதியை உங்களோடு வந்து தூங்கப்போகிறவர் எடுப்பார். அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வேலை: கதவோர ஸ்டிக்கர்

டிரைவர் கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் தூணைப் பாருங்கள். டயர் காற்றழுத்தம் போட்டிருக்கும் ஸ்டிக்கரிலேயே, பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் எண் இருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த எண்ணை எட்டும் முன்பே பேலோடு தீர்ந்துபோகும்.

ஏன் என்றால், டிரெய்லரின் மூக்கு, இழுக்கும் வண்டியின் கொக்கியான ஹிட்ச் மேல் அழுத்தும் எடை முழுவதும் இந்தப் பேலோடிலிருந்துதான் கழியும். இதை டங்க் வெயிட் என்கிறார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். பிக்கப்பின் படுக்கைக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகையில் இது 15 முதல் 25 சதவீதம் வரை போகும்.

ஒரு டாய் ஹாலரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலியாக 6,500 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 காலன் தண்ணீர்த் தொட்டி இந்த வகையில் சகஜம். ஒரு காலன் 8.34 பவுண்டு, நிரப்பினால் 834. பைக்குக்கு 30 காலன் பெட்ரோல், அது ஏறக்குறைய 180. இரண்டு டர்ட் பைக் 500. காஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், நாற்காலி, அரிசி பருப்பு எல்லாம் சேர்த்து ஒரு 700. கூட்டினால் 8,700ஐத் தாண்டுகிறது. அதில் 13 சதவீதம் 1,130 பவுண்டு. அரை டன் என்று சொல்லும் சாதாரண வகைப் பிக்கப்பின் ஸ்டிக்கரில் 1,600 என்று இருந்தால் மிச்சம் 470தான். கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால் அதுவும் போச்சு. இத்தனைக்கும் இது நடுத்தர அளவு டாய் ஹாலர். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் சைடு பை சைடு வண்டிகளை ஏற்றும் ஃபிஃப்த் வீல் வகைகள் காலியாகவே 12,000 பவுண்டைத் தாண்டும். அவற்றுக்கு ஒரு டன் என்று சொல்லும் கனரக வகைப் பிக்கப்தான் சரி.

இப்போது ஒரு கார்கோ டிரெய்லர். 7 அடி அகலம், 16 அடி நீளம், இரண்டு அச்சு. காலியாக 2,600 பவுண்டு. நுரைப் பலகை, கட்டில், அலமாரி, மின்சாரம் எல்லாம் 1,000. தண்ணீர் 20 காலன், 167. பைக் இரண்டு 500, சாமான் 300. மொத்தம் 4,570 பவுண்டு அளவில் நிற்கிறது. 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யூவி போதும் என்று தோன்றும். ஆனால் 12 சதவீதம் போட்டால் டங்க் வெயிட் 550 வருகிறது. அந்த எஸ்யூவிகளில் பொதுவாக 500தான் அனுமதி. இன்னொரு சிக்கலும் உண்டு. சில எஸ்யூவிகளின் கையேட்டில், பயணிகள் கூடக்கூட இழுவை எடையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். டிரெய்லரின் முன்முகம் இத்தனை சதுர அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பவையும் உண்டு. கார்கோ டிரெய்லர் காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகும் பெட்டி. அந்த வரம்பில் பல பெட்டிகள் அடிபட்டுப்போகும். கையேட்டில் இழுவை பற்றிய பக்கங்களை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

சியன்னாவோ ஒடிஸியோ மாதிரி மினிவேன் வைத்திருக்கும் நம்மவர்கள் நிறைய. அவை அதிகபட்சம் 3,500 பவுண்டு இழுப்பவை. டாய் ஹாலர் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. 6க்கு 12 அளவில் ஒற்றை அச்சுப் பெட்டி, ஒரு பைக், இரண்டு ஆள் என்றால் முயலலாம். அதற்கும் டிரெய்லர் பிரேக் வைத்தே வாங்குங்கள். ஒற்றை அச்சுப் பெட்டிகளில் பிரேக் இல்லாமல் விற்பது சாதாரணம். பிரேக் இருந்தால் 4 முள் பிளக் போதாது. 7 முள் பிளக்கும், டிரைவர் பக்கத்தில் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும்.

எடையில் டாய் ஹாலருக்கு மட்டும் ஒரு விசேஷக் குணம் உண்டு. காரேஜ் பின்னால் இருப்பதால், பைக் ஏறினால் மூக்கு லேசாகும். அதைச் சரிக்கட்டத்தான் காலியாக இருக்கும்போதே மூக்கு கனமாக வடிவமைக்கிறார்கள். பைக் இல்லாமல் குடும்பச் சுற்றுலாவுக்கு இழுத்துப்போனால் டங்க் வெயிட் குறையாது, கூடும். காலி டிரெய்லர்தானே என்று அலட்சியமாக ஹிட்ச் மாட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கார்கோ டிரெய்லரில் இந்தச் சமநிலையை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். பேட்டரி, தண்ணீர் போன்ற கனமான சாமான்களை அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ வையுங்கள். கடைசியில் டிரக் ஸ்டாப்பில் லாரிகளை எடைபோடும் கேட் ஸ்கேலில் ஏற்றி எடை போட்டுவிட்டால் ஊகத்துக்கே வேலையில்லை. நான் முதல் தடவை எடை போட்டபோது, என் மனக்கணக்கைவிட 600 பவுண்டு கூட இருந்தது.

இரண்டாவது: டிரைவ்வேயில் ஒரு கோலம்

ஊரிலிருந்து கொண்டுவந்த கோலமாவு இருந்தால் எடுங்கள், சாக்பீஸும் போதும். வாங்க நினைக்கும் பெட்டியின் உள்ளளவை டிரைவ்வேயில் வரையுங்கள். உங்கள் பைக்கை உருட்டிக்கொண்டு வந்து அதற்குள் நிறுத்துங்கள். ஹேண்டில்பார் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பக்கத்தில் ஒரு பாயை விரியுங்கள். கதவு எங்கே, அடுப்பு எங்கே என்று கோடு போடுங்கள். அப்புறம் வீட்டிலுள்ள அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்குள் பத்து நிமிடம் நில்லுங்கள். மழை பெய்கிறது, வெளியே போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வீடியோ பார்த்துப் புரியாதது இந்தப் பத்து நிமிடத்தில் புரியும்.

அளவில் புதியவர்கள் விழும் குழி ஒன்று. 7 அடி அகலப் பெட்டியின் உள்ளகலம் ஏறக்குறைய 81 அங்குலம். குயின் மெத்தை 80 அங்குல நீளம். குறுக்கே போட்டால் கச்சிதமாகப் பொருந்தும் என்று ஆசையாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் நுரைப் பலகையும் அதன்மேல் பலகையும் அடித்த பிறகு 78 அங்குலம்கூட மிஞ்சாது. ஆர்விகளில் போடும் 75 அங்குல ஷார்ட் குயின் மெத்தை இதற்குப் பொருந்தும். இல்லாவிட்டால் கட்டிலை நீளவாக்கில் போட வேண்டும், நடைபாதை போய்விடும்.

எட்டரை அடி அகலப் பெட்டியில் நெடுஞ்சாலை அனுமதிக்கும் 102 அங்குலம் முழுக்கக் கிடைக்கும். அதில் சக்கர மேடுகள் பெட்டிக்கு உள்ளே வந்துவிடும். அகலமான சைடு பை சைடு வைத்திருப்பவர்கள் அந்த மேடுகளுக்கு இடையேயான அளவையும் சாய்தளக் கதவின் வாசல் அளவையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் போடுவது வெளி அளவு.

உயரம்? ஆறடி உள்ளுயரம்தான் பல பெட்டிகளில் வருவது. கூரையில் ஓர் அங்குலமாவது நுரை போகும். ஆர்டர் கொடுக்கும்போதே 7 அடி கேளுங்கள். பின்னால் கூட்ட முடியாத அளவு இது.

மூன்றாவது: கூட வருவது யார்

கழிவறைப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். டாய் ஹாலரில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிவறை, கதவு, வெந்நீர்க் குளியல் எல்லாம் இருக்கும். அதற்கு விலையாகக் கழிவுத் தொட்டியை டம்ப் ஸ்டேஷனில் காலிசெய்யும் வேலை உங்களுடையது. கார்கோ டிரெய்லரில் பெரும்பாலானோர் வைப்பது ஐந்து காலன் அளவில் கையில் தூக்கும் போர்ட்டபிள் கழிவறை, நடுவில் ஒரு திரை. இரண்டு நண்பர்கள் பைக் ஓட்டப் போகிறார்கள் என்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப்போகப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்திலேயே டாய் ஹாலர் பக்கம் போய்விடுங்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தாலும் அப்படித்தான். மணலில் புரண்டுவிட்டு வருகிறவர்களை வெளியே நின்று ஒரு குடம் தண்ணீரில் கழுவ முடியாது.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பெட்டியாக இருந்தாலும் தாளிப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உள்ளே கடுகு தாளித்தால் அடுத்த மூன்று பயணத்துக்குத் தலையணை மணக்கும்.

நான்காவது: நிறுத்த இடம்

வீட்டில் நிறுத்தலாமா என்பதை முதலில் பாருங்கள். ஹெச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்புகளில் ஆர்வியை வாசலில் நிறுத்த அனுமதி இல்லாதது சகஜம். கார்கோ டிரெய்லருக்கும் அதே விதி இருக்கலாம். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மாதாமாதம் ஸ்டோரேஜ் வாடகை கட்ட வேண்டியிருந்தால் அதையும் டிரெய்லர் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

போகிற இடம் அடுத்தது. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடு, அரிசோனாவின் குவார்ட்ஸைட், யூட்டாவின் மோவாப் போன்ற இடங்களைச் சுற்றி, பிஎல்எம் என்ற மத்திய அரசு அமைப்பு பராமரிக்கும் பொது நிலங்கள் பரந்து கிடக்கின்றன. பொதுவாக 28 நாளில் 14 நாள்வரை தங்கக்கூடிய திறந்தவெளிகள் அவை; பல இடங்களில் இலவசம், கிளாமிஸ் போன்ற சில இடங்களில் கட்டண அனுமதிச்சீட்டு வேண்டும். உங்கள் பெட்டியை யார் கட்டியது என்று அங்கே கேட்பதில்லை. ஆனால் சில இடங்களில் கழிவை உள்ளேயே தேக்கிவைக்கும் தொட்டி கட்டாயம்; வாளியும் திரையும் அங்கே செல்லாது. தனியார் கேம்ப்கிரவுண்டுகளில் சில, ஆர்விஐஏ முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். என்எஃப்பிஏ 1192 என்ற பாதுகாப்புத் தரத்தின்படி கட்டியதாக உற்பத்தியாளர் ஒட்டும் முத்திரை அது. டாய் ஹாலரில் கதவோரம் இருக்கும். நாமே கட்டிய பெட்டியில் இருக்காது.

இன்ஷூரன்ஸிலும் இதே வித்தியாசம்தான். டாய் ஹாலருக்கு ஆர்வி பாலிசி ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். மாற்றியமைத்த பெட்டிக்குப் பல கம்பெனிகள் வெறும் பெட்டியின் மதிப்பைத்தான் தரும். உள்ளே நீங்கள் போட்ட உழைப்பைக் கணக்கில் எடுக்காது. ரசீதுகளையும் புகைப்படங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்கோ டிரெய்லருக்குத் திருட்டு பயமும் கூடுதல். உள்ளே விலையுயர்ந்த கருவிகள் இருக்கும் என்று நினைத்தே இழுத்துப்போவார்கள். டிரெய்லரின் மூக்கில் போடும் கப்ளர் பூட்டும் சக்கரப் பூட்டும் முதல் நாளே வாங்க வேண்டியவை.

ஐந்தாவது: பணமும் சனிக்கிழமைகளும்

7க்கு 16 இரட்டை அச்சுப் பெட்டி புதிதாக 7,000 முதல் 10,000 டாலர் வரை. உள்ளே போடும் சாமான்களுக்கு இன்னொரு 4,000 முதல் 10,000 வரை, உங்கள் ஆசையைப் பொறுத்தது. வண்டியின் பின்னால் ஹிட்ச்சில் மாட்டும் டாய் ஹாலர் புதிதாக 30,000 முதல் 60,000 வரை. ஃபிஃப்த் வீல் என்றால் அதற்கும் மேலே தாராளமாகப் போகும். இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் கார்கோ டிரெய்லர்தான் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு பெட்டியை வீடாக்க எனக்கு நான்கு மாதச் சனி, ஞாயிறுகள் போயின. அந்தப் பருவத்தில் ஒரு நாள்கூட பைக் ஓட்டவில்லை. ரம்பமும் டிரில்லும் கையில் பிடிக்கப் பிடிக்கும் என்றால் அந்த நாட்களே ஒரு சுகம். பிடிக்காது என்றால் பாதி முடிந்த பெட்டி இரண்டு வருடம் பின்வாசலில் நிற்கும். பழைய பொருள் விற்கும் தளங்களில் பாதி முடித்த பெட்டிகள் அடிக்கடி விற்பனைக்கு வருவது சும்மா இல்லை.

டாய் ஹாலரில் பணம் வேறு வழியில் போகும். புதிய ஆர்வியின் மதிப்பு முதல் வருடத்திலேயே மளமளவென்று இறங்கும். அதனால் இரண்டு மூன்று வருடம் ஓடிய ஒன்றைப் பார்த்து வாங்குவதே என் யோசனை. முதல் உரிமையாளர் உத்தரவாதக் காலத்தில் சின்னச் சின்னக் கோளாறுகளைச் சரிசெய்து வைத்திருப்பார். குளிர்காலத்தில் குழாய்களுக்குள் பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவது, கூரைச் சீலன்ட்டைச் சோதிப்பது என்று வருடாந்தர வேலைகளும் உண்டு. தண்ணீர்க் கேனும் போர்ட்டபிள் கழிவறையும் வைத்த பெட்டிக்கு உறைபனி பற்றிக் கவலையில்லை. கேனைக் கவிழ்த்தால் முடிந்தது.

இன்னும் மனம் ஊசலாடினால் ஒரு டாய் ஹாலரை வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுங்கள். ஆர்விஷேர், அவுட்டோர்ஸி போன்ற தளங்களில் உரிமையாளர்களே வாடகைக்கு விடுகிறார்கள். திரும்பி வரும்போது ஒரு தாளில் எழுதுங்கள்: எதையெல்லாம் பயன்படுத்தினோம், எதைத் தொடவே இல்லை. அடுப்பையும் சோபாவையும் தொடாமல், தூங்கவும் பைக்கைப் பூட்டிவைக்கவும் மட்டுமே பயன்படுத்தியிருந்தால் உங்களுக்குப் பெட்டியே போதும்.

என்னிடம் நேரடியாகக் கேட்டால் இப்படிச் சொல்வேன். இரண்டு பேர், இரண்டு பைக், எஸ்யூவி அல்லது சிறிய பிக்கப், வருடத்தில் இருபது முப்பது ராத்திரி: கார்கோ டிரெய்லர். நான்கு பேர் குடும்பம், நல்ல பிக்கப் ஏற்கெனவே இருக்கிறது, ரம்பம் பிடிக்க நேரமில்லை: பழைய டாய் ஹாலர். டாய் ஹாலர் வாங்குவதற்காக 70,000 டாலருக்குப் புது டிரக் வாங்க யோசிக்கிறீர்கள் என்றால், திறந்த டிரெய்லரில் பைக்கை ஏற்றிக்கொண்டு போய் மோட்டலில் தங்குங்கள். நிஜமாகவே அது மலிவு.

பெட்டி என்று முடிவுசெய்தவர்களுக்கு

ஆர்டர் கொடுக்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. தரை, சுவர், கூரை ஆகியவற்றின் இரும்புக் குறுக்குச் சட்டங்கள் 24 அங்குலத்துக்கு ஒன்று என்பதைவிட 16 அங்குலத்துக்கு ஒன்று இருப்பது நல்லது. பக்கவாட்டில் ஆர்வி வகைப் பூட்டுள்ள கதவு கட்டாயம். சாதாரணக் கார்கோ கதவில் வெளியே மட்டும் தாழ்ப்பாள் இருக்கும். நீங்கள் உள்ளே தூங்கும்போது யாராவது வெளியே மாட்டிவிட்டால் திறக்க வழியில்லை. அதோடு, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னலையும் இரண்டாவது வெளியேறும் வழியாக வையுங்கள். வெளிநிறம் வெள்ளை. கருப்பு இப்போது ஃபேஷன்தான். அரிசோனா வெயிலில் ஒரு மத்தியானம் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஃபேஷன் தெளிந்துவிடும். பைக் கட்டும் வளையங்களை பிளைவுட்டில் திருகாமல், கீழே இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பெட்டி வந்த பிறகு முதல் வெட்டு கூரையில் காற்றாடிக்கு, 14க்கு 14 அங்குலம். புத்தம் புதுக் கூரையில் ரம்பத்தை வைக்கும்போது கை நடுங்கும், எல்லாருக்கும் நடுங்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு போட்டு வெட்டுங்கள். அடியில் பியூட்டைல் டேப், மேலே தானே பரவும் லேப் சீலன்ட். இரண்டையும் போடுங்கள், ஒன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சுவருக்குக் கடையில் பிங்க், நீல நிறத்தில் கிடைக்கும் கெட்டி நுரைப் பலகை போதும்; வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஆர் மதிப்பு அதில் ஓர் அங்குலத்துக்கு 5. பாலிஐசோ பலகையில் 6 அளவில் கிடைக்கும். சுவர்ப் பலகையை மூடும் முன் ஒவ்வொரு சுவருக்கும் டேப்பை விரித்து வைத்துப் புகைப்படம் எடுங்கள். பின்னால் அலமாரி மாட்டும்போது இரும்புச் சட்டம் எங்கே என்று தேடி, துளை மேல் துளையாகப் போடாமல் தப்பிக்கலாம். எவ்வளவு நுரை வைத்தாலும் இரும்புச் சட்டங்கள் வழியாகக் குளிர் வரும். மூச்சுக்காற்று அங்கே நீராக வழியும். ராத்திரி காற்றாடியை மெல்ல ஓடவிட்டு, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவையுங்கள்.

மின்சாரத்தில் புதியவர்கள் பெரிதாக ஆசைப்பட்டுக் குழம்புகிறார்கள். 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட் ஹவர் இருக்கும். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ், விளக்கு, காற்றாடி, போன் எல்லாம் ஒரு நாள், ஒன்றரை நாள் தாங்கும். கூரையில் 200 வாட் சோலார் இருந்தால் வெயில் நாட்களில் அதுவே நிரம்பிக்கொள்ளும். கூரை ஏசியோ 13,500 பிடியூ என்றால் இதே பேட்டரியை ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். ஏசி வேண்டும் என்பவர்கள் ஜெனரேட்டரையோ கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்பியர் இணைப்பையோ நம்புங்கள். ஒயரிங் தெரியாது என்றால் கூச்சப்படாமல் பேட்டரியும் பிளக்கும் சேர்ந்தே வரும் ஒரு பவர் ஸ்டேஷன் பெட்டியை வாங்கி மூலையில் வையுங்கள். நீங்களே பேட்டரி இணைத்தால் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இதில் சமரசம் கிடையாது.

டாய் ஹாலர் என்று முடிவுசெய்தவர்களுக்கு

பழையதைப் பார்க்கப்போகும்போது மழை பெய்த மறுநாள் போங்கள். மூலைகளிலும் ஜன்னலுக்குக் கீழேயும் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் நீர் இறங்கி மரம் உளுத்திருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி, சீலன்ட் வெடித்திருக்கிறதா பாருங்கள். காரேஜ் கட்டிலை மேலும் கீழும் இரண்டு மூன்று தடவை ஓடவிடுங்கள். சாய்தளம் எவ்வளவு எடை தாங்கும் என்ற ஸ்டிக்கரைப் படியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால், பூ தேயாமல் இருந்தாலும் புது டயருக்கான பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள். கம்பெனி, மாடல், வருடம் மூன்றையும் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டால், கோளாறுக்காகத் திரும்ப அழைப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும்.

இரண்டு பேருக்கும்: பெட்ரோல் வாசனை

பைக்கும் மனிதரும் ஒரே பெட்டிக்குள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஏற்றும் முன், பைக்கின் பெட்ரோல் குழாயில் மூடித் திறக்கும் வால்வு இருந்தால் அதை மூடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பைக்குகளை வெளியே எடுத்து, சாய்தளத்தைத் திறந்து, அரைமணி நேரம் காற்றோட விட்ட பிறகுதான் அடுப்போ ஹீட்டரோ. ராத்திரி பைக்கை வெளியே சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்; பக்கத்தில் படுத்துத் தூங்காதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவி, கார்பன் மோனாக்சைடு கருவி இரண்டும் கட்டாயம். காஸ் பயன்படுத்தினால் அதற்கான கருவியைத் தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், புரொப்பேன் காற்றைவிடக் கனம் என்பதால் கீழேதான் தேங்கும். டாய் ஹாலரில் இவை வாங்கும்போதே இருக்கும். காலாவதி தேதியைப் பாருங்கள். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரையும் உட்காரவைக்காதீர்கள், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

முதல் பயணம்

முதல் ராத்திரியை உங்கள் டிரைவ்வேயிலேயே கழியுங்கள். மறந்துபோன சாமான்களின் பட்டியல் அன்றைக்கே வந்துவிடும். வீடு பத்தடி தூரத்தில் இருக்கும்போது மறந்தால் பாதகமில்லை. அடுத்தது வீட்டிலிருந்து ஐம்பது மைலுக்குள் ஒரு ஸ்டேட் பார்க். மைலேஜ் பாதியாகக் குறையும், பெட்ரோல் பங்க்கை அதற்கேற்ப யோசித்துக்கொள்ளுங்கள். பல டிரெய்லர் டயர்கள் 65 மைல் வேகத்துக்கு மேல் ஓடச் செய்தவை அல்ல. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எவருக்கும் சட்டப்படி 55தான்.

கிளம்பிப் பத்து மைலில் ஒரு தடவை, இருபத்தைந்தில் ஒரு தடவை, ஐம்பதில் ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டி, சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் இறுக்கிப் பாருங்கள். புதுச் சக்கரங்களில் நட்டு தளர்வது வழக்கம். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் பேரிங்கையோ பிரேக்கையோ பார்க்கச் சொல்லி அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.